யாருக்கு எழுதுகிறது குழந்தை?

ரோம் நகரில் மரியா மாண்டிசோரி நடத்திய ‘குழந்தைகள் இல்ல’த்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று 1909 ஏப்ரல் 7 அன்று பேனாவைப் பிடித்து ஒரு கடிதம் எழுதியது. ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சீரமைத்த நிறுவனத்தின் தலைவரும், அந்த இல்லம் தொடங்க மாண்டிசோரியை அழைத்தவருமான பொறியாளர் எடுவார்டோ தலாமோவுக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லும் கடிதம் அது. அழகாக இருக்கும் குழந்தைகளையும் கூட்டி வாருங்கள் என்று அதில் ஓர் அழைப்பு. எல்லார் சார்பிலும் நானே எழுதிவிடுகிறேன் என்று கடைசியில் ஒரு பெருமிதம். கடிதத்தின் படத்தைத் தன் நூலிலேயே மாண்டிசோரி அச்சிட்டார். நான்கு வயதுக் குழந்தை, ஆயத்தப் பயிற்சி தொடங்கி முதல் சொல்லை எழுத ஒன்று முதல் ஒன்றரை மாதமே போதும் என்று சொல்லிவந்தவர் அவர். அதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கிக்கு இந்த வகைச் சாட்சி பிடிக்கவில்லை. எழுத்து மொழியின் முன்வரலாறு பற்றிய கட்டுரையில், மாண்டிசோரி பள்ளிக் குழந்தைகள் இயக்குநருக்கும் ஆசிரியைக்கும் எழுதிய பண்டிகை வாழ்த்துகளைச் சுட்டிக்காட்டி அவர் ஒரு கேள்வி கேட்டார்: இந்தக் குழந்தைகளுக்கு இதை எழுத வேண்டிய தேவை என்ன? கை பழகிவிட்டது, எழுத்து அழகாக விழுகிறது. ஆனால் எழுதியது குழந்தைக்குள்ளிருந்து வரவில்லை, பெரியவர்களின் மரியாதை வாசகம் குழந்தையின் கையெழுத்தில் வந்திருக்கிறது. எழுத்து ஏதோ ஒன்றுக்குத் தேவைப்பட வேண்டும், அப்போதுதான் அது கற்கப்படும் என்பது அவர் வாதம்.

ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் இந்த வழக்கு முடியவில்லை. பிறந்தநாள் பரிசுக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் பிறகு குழந்தைகளை நன்றிக் கடிதம் எழுதச் சொல்வது அமெரிக்க, பிரித்தானியப் பள்ளிகளில் பழைய வழக்கம். வாசிப்பும் எழுத்தும் வளர இதைவிட எளிய பயிற்சி இல்லை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆசிரியர் தினத்தன்று வண்ண அட்டைகள் குவிகின்றன. அந்த அட்டைகளால் பிள்ளைகளுக்கு எழுத்து வருகிறதா, இல்லை, மாண்டிசோரியின் குழந்தையைப் போல மரியாதை மட்டும் வருகிறதா?

பேச்சைவிட எழுத்து ஏன் கடினம் என்பதற்கு வைகாட்ஸ்கி சொன்ன காரணம் எளியது. பேசும்போது எதிரே ஆள் இருக்கிறார். அவர் முகம் சுளித்தால் நாம் விளக்குகிறோம், தலையாட்டினால் மேலே போகிறோம். எழுதும்போது அந்த ஆள் இல்லை. அவர் எங்கோ இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் போட்டு, சைகையும் குரலும் இல்லாமல் சொல்ல வேண்டும். ஏழு வயதுக்கு இது மலையளவு வேலை. இந்தியக் கல்வியாளர் கிருஷ்ண குமார் 1980களில் ஆசிரியர்களுக்காக எழுதிய ‘தி சைல்ட்ஸ் லாங்குவேஜ் அண்ட் தி டீச்சர்’ என்ற கைநூலும் இந்த இடத்தில்தான் அழுத்தம் கொடுக்கிறது: எழுதுவதும் ஒருவகைப் பேச்சே, கேட்க ஆள் இருக்கிறார் என்ற உணர்வு இல்லாமல் குழந்தையிடம் எழுத்தை எதிர்பார்க்க முடியாது. வகுப்பறையில் ‘பசு’ பற்றிப் பத்து வரி எழுதும் குழந்தைக்குக் கேட்பவர் யார்? பசுவைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரிந்த ஆசிரியர். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்லும் அந்த விசித்திரத்தை நாம் ‘கட்டுரைப் பயிற்சி’ என்கிறோம்.

கடிதம் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிடுகிறது. கேட்பவருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது. நன்றிக் கடிதம் இன்னும் கொஞ்சம் தீர்க்கிறது, என்ன எழுதுவது என்ற திகைப்பும் அதில் கிடையாது. கொடுத்தவர், கொடுத்த பொருள், அதை வைத்து நான் செய்தது என்று மூன்றும் கையிலேயே இருக்கின்றன. நீளமும் தேவையில்லை. நான்கு வரியில் முடிந்தாலும் அது முழுமையான ஒரு பிரதி.

தமிழில் அந்த நான்கு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: “பெரியம்மா நீங்க குடுத்த கலர் பென்சில் சூப்பர். நான் யானை வரஞ்சேன். தம்பி ஒரு பென்சில ஒடச்சிட்டான்.” முதல் வரியில் ‘குடுத்த பென்சில்’ என்று கொடுத்தவரையும் பொருளையும் ஒரு பெயரெச்சம் முடிச்சுப் போடுகிறது. ‘நீங்க’ என்று மரியாதைப் பன்மை வந்துவிட்டது. இரண்டாம் வரியில் தன்மை, மூன்றாம் வரியில் படர்க்கை. நானுக்கு ஏன் விகுதி, அவனுக்கு ஆன் விகுதி. இரண்டாம் வேற்றுமையும் பேச்சு வடிவில் எட்டிப் பார்க்கிறது. இலக்கணப் பாடத்தில் தனித்தனித் தலைப்புகளில் நடத்தப்படுபவை இங்கே ஒரே மூச்சில் வருகின்றன. பிள்ளைக்கு இவை தெரியாததல்ல, பேச்சில் தினமும் புழங்குபவைதான். தெரிந்ததைக் காகிதத்தில் பார்ப்பதுதான் புதிது.

அடுத்தது பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குத் தாண்டும் பெரிய வாய்க்கால். ‘குடுத்த’ என்பதைக் ‘கொடுத்த’ ஆக்குவதா, ‘வரஞ்சேன்’ என்பதை ‘வரைந்தேன்’ ஆக்குவதா? பாடப்புத்தகத் தமிழில் மட்டுமே எழுத வேண்டும் என்று முதல் நாளே சொன்னால், பல பிள்ளைகள் எழுதுவதையே நிறுத்திவிடும். முதலில் பெரியம்மாவிடம் பேசுவதைப் போல எழுதவிட்டு, அனுப்பும் பிரதியை எழுதும்போது இரண்டு மூன்று சொற்களை மட்டும் சேர்ந்து மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு காரணமும் கிடைக்கிறது. கடிதம் வெளியே போகிறது, பெரியம்மா வீட்டில் மற்றவர்களும் படிப்பார்கள். மதிப்பெண்ணைவிட இது பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

மூன்றாவது வரிக்கு, அதாவது தம்பி பென்சிலை உடைத்த சேதிக்கு, என்ன நேரும் என்பதை எந்த அனுபவமுள்ள ஆசிரியரும் ஊகித்துவிடுவார். “நன்றிக் கடிதத்துல இதெல்லாம் எழுதக் கூடாதுப்பா” என்று அடித்துவிடுவார்கள். கடிதத்தின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. கேட்காமலே, தன்னிடமிருந்த சேதியைப் பெரியம்மாவுக்குத் தெரியாது என்று உணர்ந்து, பிள்ளை சொன்ன வரி அது. வைகாட்ஸ்கி தேடிய தேவை அங்கே இருக்கிறது.

உறையின் மேல் முகவரி எழுதுவதும் இதோடு சேர்ந்த பயிற்சியே. கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு என்று சிறியதிலிருந்து பெரியதற்கு விரியும் வரிசையில் ஊர்ப் பெயர்களின் ர, ற, ல, ள, ழ எல்லாம் சோதனைக்கு வரும். பிழை நேர்ந்தால் சிவப்பு மைக்குப் பதில் கடிதமே போய்ச் சேராது. 1972இல் வந்த அந்தக் குறியீட்டில் தமிழ்நாட்டு எண்கள் எல்லாம் 6இல் தொடங்குவதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தால், அன்றைய புவியியல் பாடம் நடந்துவிட்டது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நிஜமான நோக்கத்தோடு, நிஜமான வாசகருக்கு எழுதுவது பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு, விக்டோரியா பர்செல்-கேட்ஸ், நெல் டியூக், ஜோசப் மார்டினோ மூவரும் 2007இல் வெளியிட்டது. அமெரிக்காவில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் தகவல் பிரதிகளையும் செய்முறைப் பிரதிகளையும் படித்து எழுதுவதை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். வகுப்புக்கு வெளியே ஒருவர் உண்மையில் படிக்கப்போகும் எழுத்து, உண்மையில் பதில் தேடும் வாசிப்பு ஆகியவை மிகுந்திருந்த வகுப்புகளில் பிள்ளைகள் அதிகம் வளர்ந்தார்கள். ஒரு பிரதி எப்படி அமைய வேண்டும் என்று இலக்கணமாக விளக்கியது பெரும்பாலான அளவுகளில் தனியாகப் பலன் தரவில்லை. ஆய்வு எடுத்துக்கொண்டது அறிவியல் எழுத்தை, கடிதத்தை அல்ல. ஆகவே இதை அப்படியே நன்றிக் கடிதத்துக்கு மாற்றிப் போடக் கூடாது. ஆனால் கடிதத்தின் ‘வடிவத்தை’ மட்டும் நடத்தும் நம் வழக்கத்துக்கு இது நல்ல செய்தி இல்லை.

எழுதுவது வாசிப்புக்கும் உதவுகிறது என்பதற்குச் சான்றுகள் இன்னும் வலுவானவை. ஸ்டீவ் கிரஹாமும் மைக்கேல் ஹீபர்ட்டும் 2010இல் தொகுத்த அறிக்கை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பிள்ளைகள் எழுதும் அளவு கூடினால் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் கூடுகிறது என்று சொன்னது. இன்னும் கீழ்வகுப்புக்குப் போனால், கேரல் சாம்ஸ்கி 1971இலேயே முதலில் எழுதட்டும், பிறகு படிக்கட்டும் என்று வாதிட்டார். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை, ஒலியைக் கேட்டுத் தானாக உண்டாக்கிக்கொள்ளும் பிழையான எழுத்துக்கூட்டலைக் கெட்ட பழக்கமாகப் பார்க்காமல் படிப்பின் முதல் படியாகப் பார்க்கச் சொன்னார். கனடாவில் ஜீன் வெலெட்டும் மோனிக் செனெஷாலும் 2008இல் செய்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அப்படித் தானாக எழுதிப் பார்க்கும் சிறு குழந்தைகளுக்கு அடுத்த படியை மட்டும் மெல்லக் காட்டிக் கொடுத்தபோது, புதிய சொற்களைப் படிக்கக் கற்பதில் அவர்கள் முந்தினார்கள். கையால் எழுதுவதன் பங்கை கரின் ஜேம்ஸ் 2012இல் மூளைப் படங்களின் வழியே காட்டினார்: படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் தாங்களே வரைந்து பழகிய எழுத்துகளைப் பார்த்தபோது வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் விழித்தன. தட்டச்சு செய்து பழகிய எழுத்துகளுக்கும், புள்ளிக்கோட்டின் மேல் ஓட்டிப் பழகிய எழுத்துகளுக்கும் அப்படி நேரவில்லை. புள்ளிக்கோட்டில் அச்சடித்த ‘நன்றி அட்டை’ வாங்கித் தரும் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

வகுப்பறைக்குள் கடிதத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளில் முதலில் நிற்பவர் பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்டின் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய அவரால் வகுப்பில் நெடுநேரம் பேச முடியாது. தெற்கு பிரான்சில் பார்-சூர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1924இல் ஒரு சிறு அச்சுப்பொறியை வாங்கி வைத்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சுக் கோக்கச் செய்தார். அச்சடித்தால் யாராவது படிக்க வேண்டுமே? நாட்டின் மறுகோடியில், பிரித்தானி கடற்கரையில் ட்ரேகங்க் ஊரில் ரெனே தானியேல் என்ற ஆசிரியர் கிடைத்தார். 1920களின் நடுவில் இரு பள்ளிகளுக்கும் தபால் ஓட ஆரம்பித்தது. மலையூர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை ஒன்று, கடற்கரையூர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை இன்னொன்று. ஆகவே எழுத விஷயம் குறையவே இல்லை. பிற்பாடு ஃப்ரெனே இயக்கமாக வளர்ந்த இந்த முறையில் கடிதத்தோடு பொதிகளும் போய்வந்தன. பொதி வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றி எழுத வேண்டும், அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லாமல் எப்படி முடிப்பது? ஒழுக்கப் பாடம் என்று பெயர் வைக்காமலே நன்றி அங்கே எழுத்துக்குள் வந்துவிட்டது.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரின் மழலையர் பள்ளிகள் இன்னும் கீழே இறங்கின. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரோடு ஒரு சிறு அஞ்சல் பெட்டி உண்டு. எழுதத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை காய்ந்த இலையையோ கிறுக்கலையோ தோழியின் பெட்டியில் போடும். தோழி பதிலுக்கு ஏதாவது போடுவாள். சில மாதங்களில் பெயர் எழுதத் தேவை வரும், யார் போட்டது என்று தெரிய வேண்டுமே! தமிழ்நாட்டின் எந்த அங்கன்வாடியிலும் பழைய தீப்பெட்டிப் பண்டல் அட்டைகளைக் கொண்டு இதைச் செய்யலாம், காசே வேண்டாம்.

இங்கிலாந்தில் ஆன் ராபின்சன், லெஸ்லி கிராஃபோர்டு, நைஜல் ஹால் மூவரும் பள்ளிக்குப் புதிதாக வந்த சின்னக் குழந்தைகளோடு கடிதம் எழுதிப் பழகி, அந்த அனுபவத்தை 1990இல் நூலாக்கினார்கள். நூலின் தலைப்பே ஒரு குழந்தை எழுத்துப்பிழையோடு எழுதிய வாக்கியம். பிழையைத் திருத்தாமல் அட்டையில் அச்சிட்டதிலேயே அவர்கள் கட்சி தெரிகிறது. குழந்தைகளுக்குத் திரும்பி வந்த கடிதங்கள்தான் அங்கே பாடப்புத்தகம்: பெரியவர் எப்படித் தொடங்குகிறார், எப்படிக் கேள்வி கேட்கிறார், எப்படி முடிக்கிறார் என்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பதில் வராத கடிதத்தில் இந்தப் பாதிப் பாடம் காணாமல் போகிறது. நன்றிக் கடிதத்தின் பலவீனமும் இதுதான். பரிசுக்கு நன்றி, நன்றிக்குப் பதில் தேவையில்லை என்று பெரியவர்கள் கணக்கை முடித்துவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் ஓர் உதாரணம் பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகள் அலங்காரத் தாளில் புத்தாண்டுக் கடிதம் எழுதுவார்கள். அதை ஒளித்து வைத்திருந்து, ஜனவரி முதல் நாள் பெற்றோர், தாத்தா பாட்டி, ஞானப் பெற்றோர் முன்னால் நின்று உரக்கப் படிப்பார்கள். கடந்த ஆண்டின் அன்புக்கு நன்றி, வரும் ஆண்டில் நல்ல பிள்ளையாக இருப்பேன் என்று வாக்குறுதி. படித்து முடித்ததும் கையில் காசோ பரிசோ விழும். வாசகம் பெரும்பாலும் ஆசிரியர் தந்தது, பிள்ளை பார்த்து எழுதியது. வைகாட்ஸ்கி பார்த்திருந்தால் மறுபடியும் முகம் சுளித்திருப்பார். ஆனாலும் இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒரு தாளைப் பிழையில்லாமல் எழுதி, தன் ஆட்கள் முன் தடுமாறாமல் வாசிப்பதும் எழுத்தறிவுதான், அதிலும் முதல் வகுப்பில். வாசகம் கடன், வாசகர்கள் நிஜம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் வாசகமும் கடன், வாசகரும் கற்பனை.

இதுவரை எழுத்தைப் பற்றி. நன்றி என்ற உணர்வு எந்த வயதில் வருகிறது என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்காமல் ஐந்து வயதுக் குழந்தையிடம் உருக்கமான கடிதம் எதிர்பார்ப்பது வீண். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபிரான்சிஸ்கா பாம்கார்டன்-ட்ராமர் 1938இல் வெளியிட்ட ஆய்வு ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டது. உன் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றி வைப்பவருக்கு நீ என்ன செய்வாய்? சிறியவர்களில் பலர் தங்களுக்குப் பிடித்த பொருளையே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள், பொம்மைக்குப் பொம்மை மாதிரி. கொடுத்தவருக்கு எது தேவை என்று யோசிப்பது வயது ஏற ஏறத்தான் கூடியது. கொடுத்தவரின் இடத்தில் நின்று பார்க்கும் இந்தத் திறனும், வாசகரின் இடத்தில் நின்று எழுதும் திறனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நன்றிக் கடிதம் எழுத்துப் பாடத்துக்குப் பொருந்துவதற்கு ஆழமான காரணம் இதுதான் என்று தோன்றுகிறது.

வாயால் சொல்லும் நன்றியே குழந்தைகளுக்குத் தானாக வருவதில்லை. எஸ்தர் கிரீஃபும் ஜீன் பெர்கோ கிளீசனும் 1980இல் அமெரிக்காவில் இரண்டு முதல் ஐந்து வயதுள்ள 22 குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் தூண்டாமல் நன்றி சொன்னவை நூற்றுக்கு ஏழு தருணங்கள் மட்டும். மற்றபடி “என்ன சொல்லணும்?” என்று பெற்றோர் கேட்ட கேள்விதான் ஒலித்தது. இந்தக் கேள்வியைத் தமிழ் வீடுகளிலும் கேட்கிறோம், “ஆன்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லு” என்று. சொல் ஆங்கிலத்தில் வருவதைக் கவனிக்கலாம். மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தென்னிந்தியாவில் நன்றியுணர்வு பற்றி எழுதிய கட்டுரை, தமிழ்ச் சமூகத்தில் அது வாய்ச்சொல்லாக உடனே வெளிப்படுவது அரிது, உடல்மொழியாகவும் பிற்காலக் கைம்மாறாகவும் வெளிப்படுவதே வழக்கம் என்று விளக்குகிறது. இதற்காக நாம் தலைகுனிய வேண்டியதில்லை. சிமியோன் ஃபிளாய்டும் கூட்டாளிகளும் 2018இல் எட்டு மொழிகளின் அன்றாடப் பேச்சை ஆராய்ந்தபோது, கேட்ட உதவி கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களில் இருபதில் ஒன்றில்தான் நன்றி வாயைத் திறந்து சொல்லப்பட்டது. ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும்கூட ஏழில் ஒன்றுதான். நெருங்கியவர்களுக்குள் உதவி என்பது எல்லா ஊரிலும் சொல்லாமலே ஓடுகிறது.

திருக்குறளில் ஓர் அதிகாரமே செய்ந்நன்றி அறிதலுக்கு இருக்கிறது. அது சொல்வது மறவாமையைத்தான், வாய்ச்சொல்லை அல்ல. அம்மா தோசை போட்டதற்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. தூரத்தில் இருப்பவருக்கு, அல்லது நாம் பார்த்தும் பேசாத ஒருவருக்கு எழுதும்போதுதான் தமிழ்ப் பிள்ளைக்குக் கடிதம் இயல்பாகப் பொருந்தும். சத்துணவுக்கூட சமையலர், பேருந்து நடத்துநர், நூலகர், தடுப்பூசி போட வரும் செவிலியர், டொராண்டோவிலிருந்து புத்தகம் அனுப்பிய சித்தி. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் அம்மம்மாவுக்கு நாலு வரி எழுதுவது, வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் எழுத்துப் பயிற்சி ஏட்டைவிட நிஜமான காரணம்.

என்ன எழுதுவது என்று வழிகாட்ட ஜெஃப்ரி ஃப்ரோவின் குழு ஒரு நல்ல வழி தந்திருக்கிறது. எட்டு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் மூன்று கேள்விகளைப் பழக்கினார்கள்: அவர் ஏன் இதைச் செய்தார், அவருக்கு இதனால் என்ன சிரமம், உனக்கு என்ன பலன். 2014இல் வந்த முடிவின்படி, இந்தப் பாடம் பெற்றவர்கள் பெற்றோர்-ஆசிரியர் கழகத்துக்கு மற்றவர்களைவிட 80 சதவீதம் அதிகமாக நன்றி அட்டைகள் எழுதினார்கள். எழுத்துப் பாடத்தின் கண்ணோடு பார்த்தால் அந்த மூன்று கேள்விகளும் மூன்று வாக்கியங்கள். அதிலும் காரணம் சொல்லும் வாக்கியங்கள், அந்த வயதில் எழுத்தில் வரத் தயங்குபவை. “ரொம்ப நன்றி” என்று நிறுத்தும் பிள்ளையிடம் “ஏன் பிடிச்சது?” என்று கேட்டால் போதும். “யானைக்குச் சாம்பல் கலர் இல்லாம இருந்துச்சு, இப்ப இருக்கு” என்று வரும்.

நன்றிக் கடிதத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. குழந்தைகளுக்கு உதவித்தொகை தரும் தொண்டு நிறுவனங்கள் பல, நன்கொடையாளருக்குக் குழந்தையின் கையெழுத்தில் நன்றி போவதை ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கின்றன. உதவி நிஜம், தேவை நிஜம். ஆனால் எழுதாமல் இருக்க முடியாத நன்றி எப்படிப்பட்ட நன்றி? முகம் தெரியாதவருக்கு, மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல, ஒரே அச்சில் வார்த்த வாசகங்கள். அதில் குழந்தை கற்றுக்கொள்ளும் முக்கியமான பாடம் தன் இடம் எது என்பது. அமெரிக்காவில் சார்லஸ் பெஸ்ட் என்ற பிராங்க்ஸ் பள்ளி ஆசிரியர் 2000இல் தொடங்கிய ‘டோனர்ஸ்சூஸ்’ அமைப்பிலும் 50 டாலருக்கு மேல் கொடுப்பவர்களுக்குப் பிள்ளைகள் கைப்பட எழுதிய நன்றி போகும் ஏற்பாடு இருந்தது. வகுப்புக்கே வந்த நுண்ணோக்கியைப் பற்றி எல்லாரும் சேர்ந்து எழுதும்போது இந்தச் சங்கடம் குறைவு. ஒரு குழந்தை தன் வறுமைக்காகத் தனியாக எழுதும்போது அதிகம். நம் ஊரில் இலவச நோட்டு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களுக்குப் பிறகு “ஐயாவுக்கு நன்றிக் கடிதம் எழுதுங்க” என்று சொல்லும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும். அரசு தரும் காலை உணவு பிள்ளையின் உரிமை. அதற்காக அமைச்சருக்கு நன்றி எழுதச் சொல்வது கற்பித்தல் ஆகாது, விடியலில் எழுந்து சமைக்கும் அக்காவுக்குப் பிள்ளைகளே எழுத நினைத்தால் அது கடிதம்.

தமிழ் வழிக் கல்வியில் கடிதத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது, இடம் தாராளமாக இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், விளிப்பு, ‘நலம், நலமறிய ஆவல்’, ‘இப்படிக்கு’, உறைமேல் முகவரி. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், மரம் பற்றிய மாநிலக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வென்ற தோழனை வாழ்த்தி எழுதும் மடல் பல ஆண்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். லட்சக்கணக்கானோர் அந்தத் தோழனை வாழ்த்தியிருக்கிறார்கள், அப்படி ஒரு தோழன் பிறக்கவே இல்லை. சொந்தப் பெயரையும் ஊரையும் விடைத்தாளில் எழுதக் கூடாது என்பதால் அனுப்புநரும் அ.ஆ.இ. இரண்டு முனையிலும் ஆளில்லாத கடிதம் உலகத்தில் வேறு எங்கும் உண்டா தெரியவில்லை. இலக்கிய ரசிகர் டி.கே.சி.யின் கடிதங்களும், எழுத்தாளர் கி.ராஜநாராயணனுக்குக் கு.அழகிரிசாமி எழுதிய கடிதங்களும் இலக்கியமாகப் படிக்கப்படும் மொழியில், பள்ளிக்கூடம் கடிதத்தை ஐந்து மதிப்பெண் படிவமாகச் சுருக்கிவிட்டது என்பதே பெரிய குறை.

மாற்ற வேண்டியது மிகக் கொஞ்சம். தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி எழுதப் படிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தது. பாட்டு, கதைக் களம், செயல்பாட்டுக் களம் என்று அதில் நல்ல வழிகள் உண்டு. அதோடு மாதம் ஒரு கடிதம், உண்மையில் ஒருவருக்குப் போகும் கடிதம் சேர்ந்தால் புதுப் புத்தகம் தேவைப்படாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது கடிதம் திருத்த முடியாது என்று ஆசிரியர் சொல்வது உண்மை. அதற்கு இத்தாலியின் பார்பியானா மலைப்பள்ளியில் ஒரு விடை இருந்தது. பாதிரியார் லொரென்சோ மிலானியின் மாணவர்கள், மாரியோ லோதி என்ற ஆசிரியரின் பிள்ளைகளுக்கு 1963இல் கூட்டாகக் கடிதம் எழுதப் பழகினார்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணத்தைத் துண்டுத்தாளில் எழுதுவது, ஒத்தவற்றை அடுக்கி வரிசைப்படுத்துவது, சேர்ந்து படித்துத் தேவையற்றதை நீக்குவது. அந்தப் பழக்கத்திலிருந்துதான் 1967இல் உலகப் புகழ்பெற்ற ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ பிறந்தது. அது நன்றிக் கடிதமே அல்ல, தங்களைத் தேர்வில் தோற்கடித்த பள்ளி முறைமேல் ஏழைப் பிள்ளைகள் வைத்த குற்றப்பத்திரிகை. ஒருவரை நோக்கி எழுதக் கற்ற பிள்ளை நன்றி மட்டும்தான் எழுதும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதை மட்டும் எழுதவும் கூடாது. தண்ணீர் வராத குழாயைப் பற்றி ஊராட்சிக்கும் அதே கையால் எழுத வேண்டும்.

திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. அனுப்பப்போகும் கடிதத்தில் சிவப்பு மை வேண்டாம். போய்ச் சேரவும் புரிந்துகொள்ளவும் தடையாக இருக்கும் பிழைகளை முதல் பிரதியில் பிள்ளையோடு உட்கார்ந்து சரிசெய்தால் போதும். மீதிப் பிழைகளோடு போகட்டும். பெறுபவர்கள் சொற்களின் செம்மையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்பது பெரியவர்களிடம் செய்த ஆய்விலும் தெரிகிறது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் தங்கள் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று அதிகம் கவலைப்பட்டார்கள். கடிதம் கிடைத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள்.

நன்றிக் கடிதம் வாங்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதியதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுக் கைதட்டல் வாங்கித் தருவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கையெழுத்தில், பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குப் பெரிதாக, நாலு வரி பதில் எழுதுங்கள். அதில் ஒரு கேள்வி இருக்கட்டும்: உடைந்த பென்சில் என்ன ஆயிற்று என்று. ஓர் அஞ்சலட்டையே போதும்.